தொட்டிலை வெறுமையாக விடுங்கோ

எங்கட ஊரில் பிறந்த பிள்ளையின் படுக்கையை யாரும் தீர்மானிப்பதில்லை. அது தானாகச் சேர்ந்துவிடுகிறது.

"பிள்ளை பிறக்க முதல் ஒண்டும் வாங்கி வைக்கக் கூடாது" என்பது பல வீடுகளில் இண்டைக்கும் சட்டம்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய துணிமணிகளைத் தவிர வேறெதுவும் வீட்டுக்குள் வராது. பிள்ளை பிறந்தபிறகு எல்லாம் ஒரேயடியாக வந்து இறங்கும். மாமி ஒரு சின்னத் தலகணி தைத்துக்கொண்டு வருவா. சித்தி பூப்போட்ட மெத்தைச் செற் ஒன்றோடு வருவா. கந்தோர் ஆக்கள் காசு சேர்த்து மரத்தில் ஒரு கொட் வாங்கித் தருவினம். கனடாவில் இருந்து வரும் பார்சலில் மொத்தப் போர்வையும் கரடிப் பொம்மையும் இருக்கும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து, வந்த சனமெல்லாம் போனபிறகு பார்த்தால் தொட்டிலுக்குள் எல்லாம் இருக்கும். பிள்ளைக்குத்தான் இடம் இருக்காது.

ஆளுக்கொரு சாமான், சாமானுக்கொரு உரித்தாளி. எதை எடுத்து ஒதுக்கி வைத்தாலும் ஒருவருக்கு மனம் நோகும். பிரசவித்து ஒரு மாதம்கூட ஆகாத, இரவில் இரண்டு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் நித்திரை கொள்ளாத ஒரு பெண் இந்தச் சண்டைக்கெல்லாம் போகமாட்டாள். அதனால் எல்லாம் தொட்டிலுக்குள்ளேயே கிடக்கும்.

இந்தக் கட்டுரை சொல்லவருவது ஒன்றுதான். ஒரு வயது வரைக்கும் ஒரு பிள்ளை படுக்கிற இடத்தில் இறுக்கமான தட்டை மெத்தை ஒன்றும், அதன்மேல் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டிய விரிப்பு ஒன்றும் போதும். எங்கட நாட்டில் கூடுதலாக ஒரு நுளம்பு வலை. மிச்சம் எல்லாம் பெரியாக்களின் கண்ணுக்காக வைக்கப்படுபவை. அவற்றில் சில பிள்ளையின் மூச்சுக்கு எதிரி.

மூச்சுக் கணக்கு

இரண்டு மாதப் பிள்ளை ஒன்று தலகணியில் முகம் புதைந்து கிடக்கிறது என்று வையுங்கள். நாங்கள் என்றால் நித்திரையிலேயே தலையைத் திருப்பிவிடுவோம். அந்தப் பிள்ளைக்கு அதற்குக் கழுத்தில் பலம் இல்லை. மெதுமையான பஞ்சு முகத்தின் வடிவத்துக்கே குழிந்துபோகும். அந்தக் குழிக்குள் பிள்ளை விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். ஒட்சிசன் குறையும், கரியமிலவாயு கூடும். பெரியாக்களை அது திடுக்கிட்டு எழுப்பிவிடும். சில சிசுக்களின் மூளை அந்த எச்சரிக்கையைக் கொடுக்கும் அளவுக்கு இன்னும் முதிர்ந்திருக்காது. சத்தம் கேட்காது, அழுகை கேட்காது. பக்கத்து அறையில் ரீவி பார்த்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு ஒன்றும் தெரியவராது.

இதைவிட வேறு காரணமே பிடிபடாமல், ஆரோக்கியமாக இருந்த பிள்ளை நித்திரையில் இறந்துபோவதைத் திடீர் சிசு மரணம் என்கிறார்கள். முதல் ஆறு மாதத்துக்குள்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. இரண்டாம் மாதத்துக்கும் நான்காம் மாதத்துக்கும் இடையில் மிக அதிகம். குப்புறப் படுத்தல், மெதுமையான படுக்கை, அளவுக்கு மிஞ்சிய சூடு, தலை மூடுண்டு போதல், சிகரெட் புகை ஆகியவை அந்த ஆபத்தைக் கூட்டுகின்றன என்பது பல நாடுகளில் திரும்பத் திரும்பக் கண்டறியப்பட்ட விசயம். பிள்ளைக்குக் கரடிப் பொம்மை வாங்கிக் கொடுத்துவிட்டு விறாந்தையில் நின்று சிகரெட் பத்துகிற தகப்பன்மார் அந்தக் கடைசி விசயத்தைக் கொஞ்சம் நின்று வாசிக்கலாம்.

"கிழவிகளுக்கு என்ன தெரியும்?"

இப்படி எழுதினவுடன் எங்கட வயது ஆக்களில் ஒரு பகுதிக்கு உற்சாகம் வந்துவிடும். அம்மம்மாமாரின் மூடநம்பிக்கைக்கு எதிராக விஞ்ஞானம் வென்றது என்று ஒரு பதிவு போடத் தோன்றும். அவசரப்படாதேங்கோ. இந்த விசயத்தில் வரலாறு வேறு மாதிரி.

பிள்ளையைக் குப்புறப் படுக்கவிடச் சொன்னது அம்மம்மாமார் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மேற்கு நாட்டு வைத்தியர்களும், பிள்ளை வளர்ப்புப் புத்தகங்களும்தான் அதைப் பரப்பினார்கள். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இருந்த டொக்டர் ஸ்பொக்கின் புத்தகமும் அதில் அடக்கம். நிமிர்ந்து படுத்தால் சத்தி எடுத்துப் புரையேறும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். 1970ஆம் ஆண்டளவிலேயே அது ஆபத்து என்று காட்டப் போதிய ஆதாரம் இருந்தது, அதை அப்போதே கவனித்திருந்தால் ஐரோப்பா, அமெரிக்கா, ஒஸ்ரேலியப் பகுதிகளில் குறைந்தது 50,000 சிசுக்களின் சாவைத் தடுத்திருக்கலாம் என்று 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 1985இல் கொங்கொங்கில் இருந்து ஒரு வைத்தியர், இங்கே இந்தச் சாவு மிகக் குறைவு, இங்குள்ள சனம் பிள்ளைகளை நிமிர்த்திப் படுக்கவிடுவது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். ஆசியத் தாய்மார் வழக்கமாகச் செய்துவந்ததை உலகத்துக்கு ஒரு மருத்துவச் சஞ்சிகை சொல்லவேண்டியிருந்தது. 1991இல் பிரித்தானியாவிலும் 1994இல் அமெரிக்காவிலும் "நிமிர்த்திப் படுக்கவிடுங்கள்" என்ற பிரசாரம் தொடங்கியது. பிரித்தானியாவில் சில வருடங்களுக்குள்ளேயே அந்தச் சாவுகள் பாதிக்கும் கீழே இறங்கின. ஒரு மருந்தும் இல்லை, ஒரு மெசினும் இல்லை. பிள்ளையைத் திருப்பிப் போட்டார்கள், அவ்வளவுதான்.

இனி எங்கட அம்மம்மாவின் படுக்கையை நினைத்துப் பாருங்கள். நிலத்தில் பாய், அதன்மேல் மடித்துப் போட்ட பழைய வேட்டி, அதில் நிமிர்ந்து கிடக்கிற பிள்ளை. தட்டை, இறுக்கம், வெறுமை. இன்றைய மருத்துவ வழிகாட்டல்கள் கேட்பது கிட்டத்தட்ட இதைத்தான். தலையைச் சுற்றி அணைக்கிற பஞ்சு உருளைகளும், தொட்டில் கம்பிகளைச் சுற்றிக் கட்டுகிற பம்பரும் கடைக்காரன் கொண்டுவந்தவை. இந்தச் சண்டையில் அம்மம்மாவின் பாயும் விஞ்ஞானமும் ஒரு பக்கம். மறுபக்கம் நிற்பது கடை.

வடிவு விற்கிற கடை

பம்பர் என்றால், பிள்ளையின் தலை கம்பியில் இடிபடாமல் இருக்கத் தொட்டிலைச் சுற்றி உள்பக்கமாகக் கட்டுகிற பஞ்சுத் தடுப்பு. பார்க்க வடிவு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் 2011இலேயே இதைப் பாவிக்க வேண்டாம் என்று சொன்னது. முகம் அதில் அழுத்துண்டு மூச்சு அடைபடும், கட்டுகிற நாடா கழுத்தில் சுற்றும் என்பதுதான் காரணம். 2022இல் அமெரிக்காவில் பஞ்சுப் பம்பர்களை விற்பதையே சட்டம்போட்டுத் தடைசெய்தார்கள். எங்கட நகரத்துக் கடைகளிலும் இணையக் கடைகளிலும் தேடிப் பாருங்கள். "பேபி பெட் செற்" என்ற பெயரில் தலகணி, இரண்டு பக்க உருளை, போர்வை, பம்பர் எல்லாம் ஒரே பொதியில் கிடைக்கும்.

பெரிய கொம்பனி செய்தால் பாதுகாப்பாகத்தான் இருக்கும் என்பவர்களுக்கு ஒரு கதை. ஃபிஷர் பிரைஸ் என்பது உலகம் முழுக்கப் பேர்போன விளையாட்டுச் சாமான் கொம்பனி. அவர்கள் "ரொக் அன் பிளே" என்று ஒரு சாய்ந்த தொட்டில் விற்றார்கள். பிள்ளை கெதியாக நித்திரையாகும் என்று சனம் விரும்பி வாங்கியது. 2019 ஏப்ரலில் கிட்டத்தட்ட 47 இலட்சம் தொட்டில்களை அவர்கள் திருப்பி எடுக்க வேண்டிவந்தது. அதற்குள் 30க்கு மேற்பட்ட பிள்ளைகளின் சாவு அதனுடன் தொடர்பாகப் பதிவாகியிருந்தது. கடையில் விற்கிறது, காசு கூட, பிராண்ட் பேர் இருக்கிறது என்பதெல்லாம் பாதுகாப்புக்கு அத்தாட்சி இல்லை.

வெளிநாட்டுப் பார்சலுக்கும் இதே கதைதான். அன்பாகத்தான் அனுப்புகிறார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் ரொறொன்ரோக் குளிரில் கடையில் கண்ணில்பட்ட மொத்தப் போர்வை சாவகச்சேரி வெக்கைக்கு எதற்கு? அதைவிட வேடிக்கை, கனடாவின் சுகாதார அமைச்சே தொட்டிலுக்குள் பம்பர், தலகணி, மொத்தப் போர்வை, பொம்மை ஒன்றும் வைக்கவேண்டாம் என்றுதான் தன் பெற்றோருக்குச் சொல்கிறது. அங்கே வேண்டாம் என்பதை இங்கே அனுப்பி, நாங்கள் அதை "கனடாச் சாமான்" என்று ஆக்களுக்குக் காட்டுகிறோம்.

மாமி கேட்கிற மூன்று கேள்விகள்

தொட்டிலை வெறுமையாக வைத்தால் மூன்று கேள்வி நிச்சயம் வரும். கேட்கிறவர்களை நையாண்டி பண்ணவேண்டாம். மூன்றுமே நியாயமான கேள்விகள். பதில் தெரிந்து வைத்திருங்கள்.

முதலாவது: "நிமிர்த்திப் போட்டால் பால் எடுத்துப் புரையேறாதோ?" ஏறாது. நிமிர்ந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே இருக்கும், உணவுக்குழாய் அதற்குக் கீழே இருக்கும். மேலே வருகிற பால் திரும்பக் கீழேதான் போகும். குப்புறப் போட்டால்தான் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடும். பிள்ளை நித்திரையிலும் விழுங்கும், இருமும். பால் குடித்தவுடன் தோளில் போட்டு ஏவறை எடுத்துவிட்டு நிமிர்த்திப் படுக்கவிட்டால் சரி.

இரண்டாவது: "தலகணி இல்லாட்டி தலை சப்பையாப் போகும்." முதல் மாதங்களில் ஒரே பக்கமாகப் படுத்தால் தலையின் பின்பக்கம் கொஞ்சம் தட்டையாகலாம், உண்மை. பிள்ளை தவழவும் இருக்கவும் தொடங்க அது பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். முழித்திருக்கும்போது ஆள் பக்கத்தில் இருந்து குப்புற விளையாட விடுவதும், படுக்க வைக்கையில் தலையின் திசையை மாற்றிவிடுவதும் அதற்கு உதவும். தலையை வடிவாக்குகிற தலகணிகளைப் பாவிக்கவேண்டாம் என்று 2022இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரித்தது. சில வீடுகளில் கடுகு நிரப்பித் தைக்கிற தலகணிக்கும் அதே பதில்தான். தலை உருண்டையாக இருக்கவேண்டும் என்ற ஆசையை மூச்சுக்கு மேலே வைக்க முடியாது.

மூன்றாவது: "குளிராதோ?" இதுக்கு ஊரைப் பொறுத்துத்தான் பதில். யாழ்ப்பாணத்தில், மட்டக்களப்பில் மார்கழி மழைக்குள்ளும் இரவு வெப்பம் 20 பாகைக்குக் கீழே போவது அபூர்வம். ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். பிள்ளையின் கையும் காலும் குளிர்ந்திருப்பது வழமை, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போர்த்தவேண்டாம். பிடரியையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் உடுப்பு கூடிவிட்டது. நித்திரையில் தொப்பி வேண்டாம். பிள்ளை சூட்டை வெளியே விடுகிற முக்கியமான இடம் தலைதான்.

நுவரெலியாவில் கதை வேறு. தை மாதம் உறைபனி விழுகிற இடத்தில், காற்று நுழைகிற லயன் அறைக்குள், "ஒண்டும் போர்க்காதேங்கோ" என்று கொழும்பில் இருந்து உபதேசம் செய்வது அநியாயம். அங்கேயும் தத்துவம் ஒன்றுதான்: சூட்டை உடுப்பால் கொடுங்கள், தளர்ந்து கிடக்கிற துணியால் கொடுக்காதேங்கோ. பெரியவர் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்குக் கூட, காலுக்கு மேஸ். போர்வை கட்டாயம் வேண்டுமென்றால் மெல்லியது ஒன்று. பிள்ளையின் கால் தொட்டிலின் கால்மாட்டுப் பலகையைத் தொடுகிறமாதிரிக் கிடத்தி, நெஞ்சுக்கு மேலே வராமல், மூன்று பக்கமும் மெத்தைக்கு அடியில் இறுக்கச் செருகிவிடுங்கள். நிறை குறைந்து பிறந்த பிள்ளை, மாதம் காணாமல் பிறந்த பிள்ளை என்றால் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதைக் கேளுங்கள். அந்தப் பிள்ளைக்கு எந்தப் போர்வையைவிடவும் தாயின் நெஞ்சுச் சூடு பெரிது.

அப்ப எவ்வளவு வேணும்?

கணக்காகவே சொல்லலாம். மெத்தை ஒன்று. கையை வைத்து அழுத்தி எடுத்தால் குழி விழாமல் உடனே பழைய நிலைக்கு வரவேண்டும். தொட்டில் பலகைக்கும் மெத்தைக்கும் இடையில் இரண்டு விரலுக்கு மேல் போகக்கூடாது. நனையாமல் இருக்க மெல்லிய ரப்பர் சீற் ஒன்று, விரிப்புக்கு அடியில் சுருக்கமில்லாமல். விரிப்பு மூன்று: ஒன்று மெத்தையில், ஒன்று கொடியில், ஒன்று அலுமாரியில். ஐப்பசி, கார்த்திகையில் பிறக்கிற பிள்ளை என்றால் நான்கு, ஏனென்றால் துணி காயாது. பழைய வேட்டி, சீலைத் துண்டுகள் துடைக்கவும் அணையாகவும் எவ்வளவு இருந்தாலும் நல்லது, ஆனால் படுக்கைக்குள் குவிக்க அல்ல.

நுளம்பு வலை ஒன்று. இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். 2017இல் இந்த நாட்டில் 1,80,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர் பதிவானார்கள். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது. ஆகவே பகல் நித்திரைக்கும் வலை வேண்டும். வலை பிள்ளையின் முகத்தில் சரியாமல் விறைப்பாக நிற்கவேண்டும்.

மரத்தொட்டில் இல்லாவிட்டால்? வாங்கித்தான் ஆகவேண்டும் என்றில்லை. சொந்தக்காரர் தருகிற பழைய தொட்டில் என்றால் கம்பிகளின் இடைவெளி 6 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கிறதா என்று அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். இருந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். பின்லாந்து அரசு 1938 முதல் வசதி குறைந்த தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் பிள்ளைச் சாமான்களை ஒரு கடதாசிப் பெட்டியில் போட்டுக் கொடுத்து வருகிறது. அந்தப் பெட்டியின் அடியில் ஒரு மெத்தை இருக்கும். பெட்டியே பிள்ளையின் முதல் கட்டில். 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற எங்கட சனம் ஒரு தொட்டிலுக்காகக் கடன்படவேண்டிய தேவை என்ன? நிலத்தில் பாய், அதில் சுருங்காத விரிப்பு, மேலே குடை வலை. அதுவும் நல்ல படுக்கைதான்.

ஏணை பற்றியும் சொல்லவேண்டும். ஏணைக்குள் பிள்ளை வளைந்து கிடக்கும். நாடி நெஞ்சில் முட்டினால் மூச்சுக்குழாய் மடங்கும். முந்தி ஏணையைச் சுற்றி எப்போதும் ஒரு ஆள் இருந்தது. கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, பாடிக்கொண்டு, கண் பிள்ளைமேல். இன்றைக்கு அந்த ஆள் இல்லாத வீட்டில் ஏணை மட்டும் தொங்குகிறது. ஆட்டி நித்திரையாக்குங்கள். நித்திரையானதும் தட்டையான இடத்துக்கு மாற்றிவிடுங்கள். இரவு முழுக்க அதில் விடவேண்டாம்.

தாயோடு ஒரே படுக்கை என்பது எங்கட பெரும்பாலான வீடுகளின் நிலைமை. ஒரே அறையில் பக்கத்தில், ஆனால் தனி இடத்தில் படுப்பதுதான் வைத்தியர்கள் சொல்வது. அது முடியாத வீட்டில் குறைந்தபட்சம் இதைச் செய்யுங்கள்: பிள்ளையின் பக்கத்தில் இருந்து பெரியாக்களின் தலகணியையும் போர்வையையும் தள்ளி வையுங்கள். சுவருக்கும் கட்டிலுக்கும் இடையில் வெளி விடாதீர்கள். குடித்தவர், புகைப்பவர், நித்திரை மருந்து எடுத்தவர் அந்தப் படுக்கையில் வேண்டாம். செற்றியில் பிள்ளையை அணைத்தபடி நித்திரையாவது எல்லாவற்றையும்விட ஆபத்து.

ஆர் சொல்லுறது?

இவ்வளவும் தெரிந்தாலும் தொட்டில் நிறையும். ஏனென்றால் இது அறிவுப் பிரச்சினை மட்டும் இல்லை, வீட்டுக்குள் யாருக்கு வாய் இருக்கிறது என்ற பிரச்சினை. "ஏன் பிள்ளை, உவனுக்கு ஒரு தலகணி வாங்கக்கூடக் காசில்லையோ?" என்ற கேள்வி தாயிடம்தான் வருகிறது. தகப்பனிடம் யாரும் கேட்பதில்லை. வெறுந்தொட்டில் தாயின் கவலையீனமாகவும், நிறைந்த தொட்டில் குடும்பத்தின் கௌரவமாகவும் எண்ணப்படுகிறது. வெறுந்தொட்டிலை ஆட்டினால் கூடாது என்று வளர்ந்த சனத்துக்கு அந்த வெறுமையைப் பார்க்கவே மனம் பதறும். அது புரிகிறது. ஆனால் அந்தப் பதற்றத்தை ஆற்றுகிற வேலையைப் பிள்ளைபெற்ற பெண்ணின் தலையில் கட்டுவது அநியாயம்.

ஆகவே தகப்பன்மாரே, இது உங்கட வேலை. உங்கட அம்மாவுக்கு நீங்கள் சொல்லுங்கோ. பிள்ளை பிறக்க முதல் சாமான் வாங்கக்கூடாது என்றால் வாங்கவேண்டாம், ஆனால் கதைக்கலாம்தானே? ஏழாம் மாதத்திலேயே சொந்தக்காரருக்கும் கூட்டாளிகளுக்கும் சொல்லிவிடுங்கள்: தலகணி, போர்வை, பொம்மை வேண்டாம், தருகிறதென்றால் விரிப்போ, நல்ல வலையோ, இல்லாவிட்டால் பத்து நாள் சமைத்த சாப்பாடோ தாருங்கள் என்று. மனம் நோகாமல் சொல்லத் தெரியாவிட்டால் உங்கட மருத்துவமாதுவைத் துணைக்குக் கூப்பிடுங்கள். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு முறையின் வழிவந்த அந்த அக்கா, மழையோ வெயிலோ உங்கட படலைக்கு வருவா. நிறை பார்த்து முடிய ரீ கொடுத்து அனுப்பிவிடாமல், பிள்ளை படுக்கிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். "மிஸ், இதில என்ன இருக்கலாம், என்ன இருக்கக் கூடாது?" என்று மாமிக்கு முன்னாலேயே கேளுங்கள். மருமகள் சொன்னால் எதிர்ப்பேச்சு, மிஸ் சொன்னால் அறிவுரை. அந்த அநியாயத்தை ஒருமுறை நல்லதுக்குப் பாவிப்போம்.

இன்னும் பிள்ளை பெறாத எங்களுக்கும் வேலை இருக்கு. கூட்டாளிக்குப் பிள்ளை பிறந்ததென்று ஆளுக்கு ஆயிரம் சேர்த்து வாங்கப்போகும்போது அந்தப் பளபளத்த பெட் செற்றைத் தூக்காதேங்கோ. பஞ்சுக்குள் புதைத்து, கரடியை அணைக்கவிட்டு, குப்புறக் கிடத்தி எடுத்த பிள்ளைப் படத்துக்கு இதயம் போடமுதல் ஒருக்கா யோசியுங்கோ. அடுத்த தாய் அதைப் பார்த்துத்தான் தன் தொட்டிலை நிரப்பப் போகிறாள். ஏற்கெனவே வந்துசேர்ந்த தலகணியை, பொம்மையை எறியத் தேவையில்லை. அலுமாரிக்கு மேலே வையுங்கோ. பிள்ளைக்கு ஒரு வயது முடியட்டும், இறக்கிக் கொடுக்கலாம்.